நனைந்த காக்கி

இப்போதைக்கு வெளியே வருவதாக இல்லை. துணிக்குள்ளேயே இருந்துகொள்கிறேன். பெரிய துணி, வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு, முன்பக்கம் முழங்கால்வரை தொங்கும். தலையும் தோளும் உள்ளே. மூக்குக்கு நேராகக் கேமராவின் தேய்த்த கண்ணாடி. அதில் காட்டுப் பாதை தலைகீழாகத் தொங்குகிறது, மண் மேலே, வானம் கீழே. இந்த மரக் கேமராவில் எல்லாம் அப்படித்தான் தெரியும், அது பழகிப்போனது. பழகாதது பேண்ட். நனைந்துவிட்டது. எழுபத்தெட்டு வயதில், ஆனைமலைக் காட்டுக்குள், மருமகளையும் ஒரு வனத்துறை வாச்சரையும் பின்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒன்றுக்குப் போய்விட்டேன். ஸ்டாண்டின் காலை இறுக்கக் குனிந்தேன். ஓர் இருமல் வந்தது. இருமலோடு அதுவும் வந்தது. நிறுத்தப் பார்த்தேன். நிற்கிற ஜாதியில்லை அது. முதலில் சூடு, இடது தொடை, முட்டி, அப்புறம் சாக்ஸ். இப்போது சூடு போய்க் குளிர ஆரம்பித்துவிட்டது. சூடாக இருந்தபோதாவது என்னுடையது மாதிரி இருந்தது. பின்னால் நிற்பவர்களுக்கு இன்னும் தெரியாது. திரும்பினால் தெரியும். அதனால் திரும்பப்போவதில்லை. "ஏனுங் மாமா, ஆச்சுங்களா?" என்கிறாள் கோகிலவாணி. "இன்னும் இல்லை" என்கிறேன். குரல் சரியாகத்தான் வருகிறது. குரலுக்கு எதுவும் தெரியாது. "சரிங்க." அவ்வளவுதான் அவள். காலையிலிருந்து அவள் பேசியது எல்லாம் சரிங்கதான். அதற்கும் காரணம் நான்தான், அதை இப்போது நினைக்கவேண்டாம். பாதையைப் பார். வளைவு சரியாக இல்லை. வலது ஓரத்தில் ஒரு மூங்கில் குறுக்கே சாய்ந்து நிற்கிறது, அதை வெட்டிவிட வேண்டும், படத்திலிருந்து. லென்ஸைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினால் போதும். நகர்த்தக் கை எடுத்தால் முழங்கை துணியை இழுக்கும், துணி இழுபட்டால் தொடை தெரியும். மூங்கில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நினைக்கவேண்டாம் என்றால் அதுதான் வந்து நிற்கிறது. காலையில் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டாள். "மாமா, தூரமாப் போறோம். அலமாரில வெச்சிருக்கறனுங்க, அதை…" அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லவும் விடவில்லை. "நான் என்ன கைக்குழந்தையா? எனக்குக் கோவணம் கட்டி விடறதுக்கா உன்னைக் கூட்டிட்டுப் போறேன்?" என்றேன். சத்தமாகத்தான். எதிர் வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவள் முகம் ஒன்றும் ஆகவில்லை. கதவைச் சாத்தினாள், சீட் பெல்ட் போட்டாள், பொள்ளாச்சி தாண்டும்வரை ரோட்டைப் பார்த்தே ஓட்டினாள். அலமாரியில் பனியனுக்கு அடியில் அந்த டயப்பர் பாக்கெட் இருக்கிறது. மருந்துக்கடையிலிருந்து செய்தித்தாள் சுற்றி வாங்கி வந்திருக்கிறாள். என்னிடம் கொடுக்கவில்லை, மகனிடம் கொடுத்து அனுப்பவில்லை, நானாகப் பார்க்கும்படி வைத்திருந்தாள். பார்த்தேன். தூக்கிப் பரண்மேல் போட்டேன். மறுநாள் மறுபடி பனியனுக்கு அடியில் இருந்தது. மறுபடி பரண். மறுபடி பனியன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மாதம் இந்த விளையாட்டு. டாக்டரிடம் போனபோதும் அப்படித்தான். "நைட்ல எத்தனை தடவை எந்திரிக்கறீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோசமான அச்சு, சிவப்பு வழிந்திருந்தது. அவள்தான் பதில் சொன்னாள். அஞ்சு தடவைங்க, சில நாள் ஆறுங்க. எப்படித் தெரியும்? பாத்ரூம் கதவு கிறீச்சிடும். கதவு கிறீச்சிடும்போதெல்லாம் அவள் விழித்துப் படுத்திருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்து கதவுக்கு எண்ணெய் விட்டேன். எண்ணெய் விட்டால் அவள் தூங்குவாள் என்றா, எண்ணெய் விட்டால் அவளுக்குத் தெரியாது என்றா? பேசாமல் இரு. பாதையைப் பார்.

பாதை நல்ல பாதை. அதைச் சொல்லியாகவேண்டும். கீழ் மூலையில் நுழைகிறது, கண்ணாடியில் மேல் மூலை. மெல்ல இடது பக்கம் ஒதுங்கி ஒரு தான்றி மரத்தைச் சுற்றி மறைகிறது. மறையும் இடத்தில் மூடுபனி. அதற்காகத்தான் ஆடி மாதம் பார்த்து வந்தேன். வெயில் அடிக்கும் பாதையில் நிழலும் வெளிச்சமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும், பாதை தெரியாது. பனியில் சண்டை இல்லை. எல்லாம் சாம்பல். கிட்டே இருப்பது கறுப்புச் சாம்பல், போகப் போக வெளுத்துக் கடைசியில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தைக் கண்ணாடியில் எங்கே வைப்பது என்பதுதான் வேலை முழுக்க. நடுவில் வைத்தால் காலண்டர். ஓரத்தில் வைத்தால் கண் வெளியே ஓடிவிடும். நடுவுக்குக் கொஞ்சம் முன்னால், கை நீட்டினால் தொடலாம் போல. மில்லில் வேலை பார்த்த நாளில் நூலை விரலில் சுற்றி வெளிச்சத்தில் பிடித்து இது இத்தனாம் நம்பர் என்று சொல்வேன். அதே கண்தான். சாம்பலில் எத்தனை படி இருக்கிறது என்று இந்தக் கண்ணுக்குத் தெரியும். ஈரத் தேக்கிலை, காய்ந்த தேக்கிலை, சரளை மண், சாணி. என் பேண்ட் காக்கி, காய்ந்த காக்கி நடுச் சாம்பல். தேக்கிலையின் அடிப்புறமும் அதே சாம்பல்தான். நனைந்த காக்கி இரண்டு படி இறங்கும், மழையில் ஊறிய மரப்பட்டை மாதிரி. இடது கால் மரப்பட்டை, வலது கால் தேக்கிலை. யாருக்கும் தப்பாது. கறுப்புப் பேண்ட் போட்டு வந்திருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. கறுப்பு நனைந்தாலும் கறுப்பு. நேற்றே யோசித்திருக்கவேண்டும். யோசித்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அதனால் யோசிக்கவில்லை. காயுமா? இந்தப் பனியில் கல்லே காயாது. வாடை வேறு. துணிக்குள் இருப்பதால் எனக்கு மட்டும் அடிக்கிறதா, வெளியேயும் போகிறதா? காட்டில் ஆயிரம் வாடை. ஆனால் அவள் மூக்கு ரொம்பக் கூர்மை, பால் திரிவதை அடுப்படிக்குப் போகாமலே சொல்லிவிடுவாள்.

"அய்யா" என்கிறான் நாட்ராயன். வாச்சர். இந்தக் காட்டுக்குள் துணைக்கு அனுப்பப்பட்டவன், ஐம்பது வயதிருக்கும், வந்ததிலிருந்து எதையோ மென்றுகொண்டே இருக்கிறான். "அய்யா, சித்த வெரசாப் பாருங்க. அக்கட்டால மூங்கல் ஒடியற சத்தம் கேக்குது. வர்ற வழில சாணி பாத்தமல்ல, ஆவி பறந்துட்டு இருந்துச்சு. ஆனைக் கூட்டம் இந்தப் பக்கந்தான் மேயுது." "எத்தனை தூரம்?" என்கிறேன். "அது நம்மளக் கேட்டுட்டா வருதுங்க? இது அதோட தடமுங்க. நாமதான் நடுவுல கடை விரிச்சிருக்கறோம்." அவள் சின்னதாகச் சிரிக்கிறாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு, அதுவும் அவனுக்கு. "இன்னும் ஒரு படம்" என்கிறேன். படமே எடுக்கவில்லை, இதில் இன்னும் ஒரு படமாம். வாயில் வந்துவிட்டது. வந்ததற்கு ஏற்ற மாதிரி ஏதாவது செய்தாகவேண்டும். ஷட்டரைத் தட்டிவிடும் கேபிளைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். ஷட்டர் சின்னதாகச் சத்தம் போட்டது. "ஒண்ணு ஆச்சு. இன்னொண்ணு" என்றேன். மறுபடி அழுத்தினேன். மறுபடி சத்தம். நல்ல சத்தம், யார் கேட்டாலும் படம் எடுக்கிறான் என்றுதான் சொல்வார்கள். "ரெண்டு ஆச்சு. மூடுபனி இன்னும் கொஞ்சம் எறங்கட்டும்." நாட்ராயன் மெல்வதை நிறுத்தியிருந்தான். தூரத்தில் ஒரு மூங்கில் முறிந்தது. பட்டாசு மாதிரி இல்லை, பெரிய ஆள் ஒருவர் விரலைச் சொடுக்கின மாதிரி. அப்புறம் அமைதி. அமைதிதான் மோசம். மேய்கிறபோது சத்தம் வரும், நின்று மோப்பம் பிடிக்கிறபோது வராது. இவ்வளவு பெரிய காட்டில் என் வாடையையும் பிடிக்குமா? சிரிப்பு வரவேண்டிய நினைப்பு. வரவில்லை.

துணி ஓரத்துக்குக் கீழே தரை தெரிகிறது. என் ஷூ, அதற்கு ஒரு முழம் தள்ளி அவள் கால். கேன்வாஸ் ஷூ, சுடிதாரை மடித்துவிட்டிருக்கிறாள். கணுக்காலுக்கு மேலே ஓர் அட்டை. இப்போதுதான் பார்க்கிறேன், ஆனால் அது வந்து வெகுநேரம் ஆகியிருக்கும், திராட்சை அளவுக்கு ஊதிவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை, மூங்கில் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள் போல. சொல்லவேண்டும். அம்மிணி, கால்ல அட்டை. சொல்லி முடிக்க எவ்வளவு நேரம்? சொன்னால் குனிவாள். குனிந்தால் ஒரு முழம் தள்ளி என் ஷூ, ஷூவுக்கு மேல் சாக்ஸ், சாக்ஸுக்கு மேல் பேண்ட். அதனால் சொல்லவில்லை. அட்டை இன்னும் கொஞ்சம் ஊதுகிறது. என்ன மனுஷன்டா நீ. அட்டை கடித்து யாரும் செத்ததில்லை, வயிறு நிறைந்தால் தானாக விழுந்துவிடும். அது விழுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாயா? நிற்பேன் போலிருக்கிறது. அவள் பையின் நாடா தோளிலிருந்து நழுவுகிறது, அவள் அதை இழுத்து விட்டுக்கொள்கிறாள், பைக்குள் ஏதோ மரத்தோடு மரம் மோதிக் கடகடவென்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஹோல்டர். பிலிம் போட்ட ஹோல்டர், அத்தனையும் பைக்குள். அவள் தோளில். கேமராவுக்குள் ஒன்றுமே இல்லை. கண்ணாடிக்கு முன்னால் ஹோல்டரைச் செருகாமல் எவனாலும் இந்தக் கேமராவில் படம் எடுக்கமுடியாது, செருகினால் கண்ணாடி இருண்டுவிடும், பாதை தெரியாது, மூடுபனி இறங்கட்டும் என்று துணிக்குள் பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் நான் துணிக்குள்ளிருந்து கையைப் பின்னால் நீட்டுவேன், அவள் ஒரு ஹோல்டரை எடுத்து, தூசி துடைத்து, கையில் வைப்பாள். ஆறு மாதமாக அவள் வேலை அதுதான். முதல் இரண்டு தடவை பக்கம் மாற்றிக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கினாள், அப்புறம் தப்பியதே இல்லை. இன்று நான் கை நீட்டவே இல்லை. ஒண்ணு ஆச்சு, ரெண்டு ஆச்சு. அவள் ஒன்றும் கேட்கவில்லை. மாமா, ஹோல்டர் எங்கிட்ட இருக்குதுங்களே என்று சொல்லியிருக்கலாம், வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பாள், நானும் மறந்துவிட்டேன் கொடு என்று உறுமியிருப்பேன். சொல்லவில்லை. அப்படியென்றால் முதல் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பொய் என்று தெரிந்துவிட்டது. எதற்குப் பொய் என்றும் தெரிந்திருக்கும், ஐந்து தடவை ஆறு தடவை எண்ணிக்கொண்டு படுத்திருந்தவள் அவள். காது இரண்டும் சுடுகிறது. துணிக்குள் எனக்கு எப்போதும் ராஜா மாதிரி இருக்கும், நான் எல்லாவற்றையும் பார்ப்பேன், என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். இப்போது ஊரே கூடி நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது, நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்ட பூனை.

இன்னொரு மூங்கில். கிட்டே. நாட்ராயன் குரல் இறங்கிவிட்டது, அதில் ங்க குறைந்துவிட்டது. "அம்மிணி, நீங்க முன்னால போயி கார்ல உக்காருங்க. நேராப் போங்க, ஓடாதீங்க. நான் அய்யாவக் கூட்டிட்டு வர்றேன்." "மாமா வரட்டுமுங்க" என்கிறாள். "அட, போங்கன்னா." "அவரு வராம நான் போக முடியாதுங்க. பாத்துட்டு இருக்கறாரு பாருங்க, ஒரு நிமிசம்." பாத்துட்டு இருக்கறாராம். எனக்காக அவளும் பொய் சொல்கிறாள். காலையில் தெருவே கேட்க நான் கத்தித் திட்டிய பொம்பளை, காலில் ரத்தம் குடிக்கிற அட்டையோடு, யானை வரும் தடத்தில், ஒன்றுமே இல்லாத ஒரு கேமராவுக்குக் காவல் நிற்கிறாள். என் பேரனுக்கு அம்மா. இவளுக்கு ஏதாவது ஆனால் எதற்கு ஆயிற்று என்று சொல்வேன்? பாதை நன்றாக இருந்தது என்றா? கண்ணாடியில் மூடுபனி நான் கேட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது, நடுவுக்குக் கொஞ்சம் முன்னால். பார்த்தாயிற்று. போதும். துணியைத் தலைக்கு மேல் தூக்கினேன். வெளிச்சம் கண்ணில் குத்தியது. திரும்பினேன். முழுசாகத் திரும்பினேன், பாதி திரும்பினால் மறுபடி துணிக்குள் போய்விடுவேன் என்று பயம். "அம்மிணி, கால்ல அட்டை இருக்குது. ரொம்ப நேரமா இருக்குது. நான் பாத்துட்டுச் சொல்லாம இருந்தேன்." அவள் குனியவில்லை. என் முகத்தையே பார்த்தாள். மீதியையும் சொன்னேன். "படம் ஒண்ணும் எடுக்கலை. ஒண்ணுக்குப் போயிட்டேன். பேண்ட் பூராவும்." இதுவரை என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை, டாக்டரிடம்கூட. சொன்னதும் லேசாகிவிடும் என்பார்கள். ஆகவில்லை. இன்னும் குளிர்ந்தது. நாட்ராயன் மேலும் கீழும் பார்த்தான், பிறகு மெல்வதைத் திரும்ப ஆரம்பித்தான். "இதுக்குத்தானுங்களா இந்நேரம்? ஆனை எதுக்கால வந்து நின்னா எனக்கும் இதேதானுங்க. ஆருகிட்டயும் சொல்றதில்லை. ஸ்டாண்ட மடக்குங்க." அவள் அட்டையைப் பிய்த்து எறியவில்லை, குனிந்து, அட்டைக்கென்று இடுப்பில் முடிந்து வைத்திருந்த உப்பைத் தேய்த்தாள், அது சுருண்டு விழுந்தது, ரத்தம் ஷூ ஓரத்தில் இறங்கியது. அதைத் துடைக்காமலே கேமராவின் துருத்தியை மடக்கி, லென்ஸைக் கழற்றி, பையில் வைத்தாள். எனக்குத்தான் ஸ்டாண்டின் ஒரு கால் மடங்க மாட்டேன் என்றது.

"நான் கடைசியா வர்றேன்" என்றேன். முன்னால் இருவரும் போனால் யாரும் பார்க்கவேண்டியதில்லை. எல்லாவற்றையும் சொன்ன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. "கடைசி ஆளத்தானுங்க ஆனை முதல்ல புடிக்கும். வெரசா நடக்கறவங்கதான் கடைசில வரோணும். நீங்க நடுவுல வாங்க" என்றான் நாட்ராயன். அப்படியென்றால் அவள் பின்னால். விவாதிக்க நேரமில்லை. அவன் முன்னே, நான் நடுவே, அவள் பின்னே. பாதை இப்போது தலைகீழாக இல்லை, மண் கீழே இருக்கிறது, கல்லும் வேரும் அந்தந்த இடத்தில் இருக்கின்றன, இத்தனை நேரம் பார்த்த பாதைதானா என்று சந்தேகம் வருகிறது. நனைந்த துணி தொடையில் உரசுகிறது. ஒவ்வோர் அடிக்கும் ஷூவுக்குள் சளக் என்கிறது, அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்காமல் இருக்காது. முதுகு முழுக்க அவள் கண் இருக்கிற மாதிரி இருக்கிறது, முதுகு மட்டுமல்ல. தொடைகளை நெருக்கி வைத்துச் சின்னச் சின்ன அடியாக நடக்கிறேன், அப்படி நடந்தால் நனைந்தது கொஞ்சம் மறையும். பின்னால் எங்கேயோ ஏதோ ஒன்று பலமாக மூச்சு விட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாட்ராயன் கையை மட்டும் பின்னால் நீட்டி வா வா என்று ஆட்டினான். அப்போதுதான் அவள் பேசினாள், ரகசியம் பேசுகிற குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "மாமா, காலை அகட்டி வெச்சு நடங்க. உரசுனா தொடை புண்ணாப் போயிருமுங்க. வேகமும் வராது." காது மறுபடி சுட்டது. கோகிலவாணிக்குப் பதில் சொல்ல வாய் வரைக்கும் ஏதோ வந்தது, எப்போதும் வருவதுதான், எனக்குத் தெரியும் என்பது மாதிரி ஒன்று. விழுங்கினேன். காலை அகட்டி வைத்தேன். குழந்தைகள் நடக்கிற நடை. அகட்டித்தான் நடக்கிறேன், அவள் பார்த்துக்கொண்டு வருகிறாள்.